டெட்ராய்ட் சுவரும் ‘அறிய முடியாத காரணிகளும்’

டெட்ராய்ட் நகரின் வட எல்லையாக ஓடும் எய்ட் மைல் சாலையிலிருந்து சற்றுத் தெற்கே இறங்கினால், பர்வுட், மெண்டோட்டா என்னும் இரண்டு தெருக்களின் வீட்டுக் கொல்லைகளுக்கு நடுவே ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் சுவர் நிற்கிறது. உயரம் ஆறடிதான், நெட்டையான ஒருவர் எட்டிப் பார்த்துவிடலாம். அது மண்சரிவைத் தடுக்கவில்லை, எந்தக் கட்டடத்தையும் தாங்கவில்லை, எந்த ஆலையின் வளாகத்தையும் சுற்றி ஓடவில்லை. பெரும்பகுதி வீடுகளின் பின்வேலியாகவே மறைந்து கிடக்கிறது. ஒரு சிறுவர் விளையாட்டுத் திடலை ஒட்டி வெளியே தெரியும் பகுதியில் மட்டும், 2006ஆம் ஆண்டில் அக்கம்பக்கத்தாரும் ஓவியர்களும் சேர்ந்து தீட்டிய வண்ணச் சித்திரங்கள் இருக்கின்றன. சோப்புக் குமிழி ஊதும் குழந்தைகளும், பேருந்தில் ஏறும் கறுப்பினக் குடியுரிமைப் போராளி ரோசா பார்க்ஸும் அவற்றில் உண்டு. சுவரின் இரு பக்கமும் இன்று வாழ்பவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவரே என்பதால், அது யாரை யாரிடமிருந்து பிரிக்கிறது என்பது புதிதாக வருபவருக்கு விளங்காது.

அது எழுப்பப்பட்ட 1941இல் எல்லோருக்கும் விளங்கியது. 1920களிலிருந்தே கறுப்பினக் குடும்பங்கள் அங்கே சிறு மனைகளை வாங்கி, வங்கிக் கடன் கிடைக்காததால் கையில் காசு சேரச் சேரத் தாங்களே சிறுகச் சிறுக வீடு கட்டிக் குடியேறியிருந்தன. அதை ஒட்டியிருந்த காலி நிலத்தில் வெள்ளையர்களுக்கு வீடு கட்டி விற்க விரும்பிய ஒரு மனை வணிகர், கூட்டரசின் வீட்டுவசதி நிர்வாகத்திடம் கடன் உத்தரவாதம் கேட்டார். பக்கத்தில் கறுப்பினத்தவர் வாழ்கிறார்கள், ஆகவே இடர் அதிகம் என்று நிர்வாகம் தயங்கியது. இடையில் ஒரு சுவரைக் கட்டுவதாக அவர் முன்வந்தார், உத்தரவாதம் கிடைத்தது. அண்டை வீட்டார் சண்டையில் எழுந்த சுவர் அன்று இது. ஒரு கடன் விண்ணப்பத்தை நிறைவு செய்வதற்காகக் கட்டப்பட்டது.

அமெரிக்க வரலாற்றை நிகழ்காலத்தோடு இணைத்துப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஒப்புமையையே கருவியாகக் கொள்கிறார்கள்: இன்றைய இந்தத் தலைவர் அன்றைய அந்தத் தலைவரைப் போன்றவர், இன்றைய கலவரம் அன்றைய கலவரத்தைப் போன்றது என்று. ஒப்புமை படிக்கச் சுவையாக இருக்கும். ஆனால் அது எதையும் நிறுவுவதில்லை. ஒரு காலத்தின் செயல் இன்னொரு காலத்தின் நிலையாக எப்படி வந்து சேர்ந்தது, எந்த அலுவலகத்தின் எந்த விதி, எந்தப் பணம், எந்தப் பத்திரம் அதைச் சுமந்து வந்தது என்று கண்ணி கண்ணியாகத் தேடிப் பார்ப்பது வேறு வகையான வேலை. டெட்ராய்ட்டைப் பொறுத்தவரை அந்த வேலை வெறும் அறிவு நாட்டம் அன்று என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் ஒரு வரியே சான்று. சுவர் எழுந்து 33 ஆண்டுகள் கழித்து, 1974இல், அந்நகரின் பள்ளிகள் ஏன் இன அடிப்படையில் பிரிந்து கிடக்கின்றன என்ற வழக்கில், டெட்ராய்ட் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளே பெரும்பான்மையாக இருப்பதற்கு ‘அறியப்படாத, ஒருவேளை அறியவே முடியாத காரணிகள்’ உள்ளன என்று நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட், பெரும்பான்மையோடு இணங்கித் தனியே எழுதிய தீர்ப்பில் குறிப்பிட்டார். மக்கள் குடிபெயர்வு, பிறப்பு விகிதம், பொருளாதார மாற்றம், தனிமனிதர்களின் அச்சங்கள் என்று சிலவற்றை அவரே எடுத்துக்காட்டாகவும் அடுக்கினார். அரசின் கடன் உத்தரவாதம் அந்தப் பட்டியலில் இல்லை.

அறிய முடிந்தவை எவை என்பதற்கு 1930களுக்குப் போக வேண்டும். அதற்கு முன் அமெரிக்காவில் வீட்டுக் கடன் என்பது பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முழுத் தொகையையும் திருப்ப வேண்டிய கடன். வீட்டு விலையில் பாதியை முன்பணமாகக் கையில் வைத்திருக்க வேண்டும். பெருமந்தத்தில் அந்த ஏற்பாடு நொறுங்கி, இலட்சக்கணக்கான வீடுகள் ஏலத்துக்கு வந்தன. 1933இல் ரூஸ்வெல்ட் அரசு வீட்டு உரிமையாளர் கடன் கழகத்தை நிறுவி, முழுகவிருந்த சுமார் பத்து இலட்சம் கடன்களை வாங்கி, 15 ஆண்டு மாதத் தவணைகளாக மாற்றிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு உருவான வீட்டுவசதி நிர்வாகம் தானாகக் கடன் தரவில்லை. வங்கி தரும் கடனுக்குக் காப்பீடு தந்தது. கடன் வாங்கியவர் கட்டத் தவறினாலும் வங்கிக்கு நட்டமில்லை என்றானதும் முன்பணம் குறைந்தது, தவணைக் காலம் நீண்டது, வட்டி இறங்கியது. வாடகைக்கு இருப்பதைவிடச் சொந்த வீட்டுத் தவணை குறைவு என்ற நிலை சாதாரணத் தொழிலாளிக்கும் வந்தது. அமெரிக்க நடுத்தர வர்க்கம் என்று நாம் இன்று சொல்லும் கூட்டம் பெருமளவுக்கு இந்தக் காப்பீட்டின் மேல் எழுந்ததுதான்.

இந்த இடத்தில்தான் புகழ்பெற்ற அந்த வண்ண வரைபடங்கள் வருகின்றன. கடன் கழகம் 1935க்கும் 1940க்கும் இடையில் 200க்கும் மேற்பட்ட நகரங்களின் குடியிருப்புப் பகுதிகளை நான்கு தரமாகப் பிரித்தது: பச்சை மிகச் சிறந்தது, அடுத்து நீலம், பின் மஞ்சள், கடைசியில் ‘அபாயகரமானது’ என்று குறிக்கப்பட்ட சிவப்பு. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதி என்றால் ஏறத்தாழ எல்லாமே சிவப்பு. ஒரு பகுதியைச் சிவப்புக் கோடிட்டுக் கடனிலிருந்து ஒதுக்கிவைப்பதைக் குறிக்கும் ரெட்லைனிங் என்ற சொல்லை இந்த வரைபடங்களோடு சேர்த்தே இன்று பலரும் கற்கிறார்கள். ரிச்மண்ட் பல்கலைக்கழகம் அவற்றை இணையத்தில் ஏற்றிய பிறகு, தன் நகரத்தைத் தேடி, தன் தெரு அன்று எந்த நிறத்தில் இருந்தது என்று பார்ப்பது அமெரிக்க வகுப்பறைகளில் வழக்கமான பயிற்சியாகிவிட்டது. நிறம் கண்ணில் அறைவதால் பாடம் சட்டென்று பதிகிறது. பதிவதெல்லாம் சரியாகவே பதிகிறது என்று சொல்ல முடியாது.

பொருளாதார வரலாற்றாளர்கள் அண்மை ஆண்டுகளில் கழகத்தின் ஆவணங்களைத் துருவிப் பார்த்துச் சில திருத்தங்களைச் சொல்லியிருக்கிறார்கள். கழகம் தன் கடன்களில் பெரும்பாலானவற்றை வரைபடம் வரைவதற்கு முன்பே கொடுத்து முடித்துவிட்டது. அவற்றில் கறுப்பினத்தவருக்குக் கொடுத்த கடன்களும் உண்டு. வரைபடங்கள் எல்லா வங்கிகளின் மேசைக்கும் போய்ச் சேரவில்லை. சிவப்புப் பகுதிகளில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர், நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஏழை வெள்ளையர்கள்தாம். கோடுகளில் பல, ஏற்கெனவே சரிந்துகிடந்த இடங்களின் நிலைமையையே பதிவு செய்தன. மறுபுறம், சிகாகோ ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் கோட்டின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டு, சொந்த வீடு வைத்திருப்போர் விகிதத்திலும் வீட்டு மதிப்பிலும் பின்வந்த பல பத்தாண்டுகளில் இடைவெளி விரிந்ததைக் காட்டினார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. வரைபடத்தை ஒரு மந்திரத் தகடு போல ஆக்கி, சிவப்பு பூசியதால் எல்லாம் நடந்தது என்று சொல்லிக்கொடுப்பது எளிது. அதை மறுக்க நினைப்பவருக்கு அதைவிட எளிய இலக்கும் கிடையாது. உண்மையான சுமை வேறோர் ஆவணத்தின் மேல் விழுகிறது. அதில் வண்ணம் எதுவும் இல்லை.

வீட்டுவசதி நிர்வாகம் தன் மதிப்பீட்டாளர்களுக்காக வெளியிட்ட கையேடுதான் அது. ஒரு குடியிருப்பு நிலைத்தன்மையோடு இருக்க வேண்டுமானால் அங்குள்ள வீடுகளில் ஒரே சமூக, இனப் பிரிவினரே தொடர்ந்து வாழ வேண்டும் என்று 1938ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்கிறது. இயற்கையான, செயற்கையான தடுப்புகள் பாதுகாப்பு அளிக்கும் என்றும், விற்பனைப் பத்திரத்திலேயே இனக் கட்டுப்பாட்டை எழுதிவிடுவது நல்லது என்றும் அது அறிவுறுத்தியது. பர்வுட் தெருவின் சுவரைக் கட்டிய வணிகர் தாமாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை, கையேட்டின்படி நடந்துகொண்டார். போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்காக 1944இல் வந்த சட்டத்தின் வீட்டுக் கடன்களும் இதே மதிப்பீட்டு முறையைப் பின்பற்றின. சட்டத்தின் வாசகத்தில் இனம் குறிப்பிடப்படவே இல்லை. ஆனாலும் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் 1947இல் நடந்த ஒரு கணக்கெடுப்பில், முன்னாள் வீரர்களுக்கு உத்தரவாதம் தரப்பட்ட 3,229 கடன்களில் இரண்டே இரண்டுதான் கறுப்பின வீரர்களுக்குப் போயிருந்தன.

பத்திரத்தில் எழுதிய கட்டுப்பாடு வெறும் ஆலோசனையாக நின்றுவிடவில்லை. டெட்ராய்ட்டின் சீபால்ட் தெருவில் வீடு வாங்கிக் குடியேறிய ஆர்செல் மக்கீ, மின்னி மக்கீ என்ற கறுப்பினத் தம்பதியரை வெளியேற்ற வேண்டும் என்று பக்கத்து வீட்டார் வழக்குத் தொடுத்தபோது, ‘காக்கேசியர் அல்லாதார் இங்கே குடியிருக்கக் கூடாது’ என்ற பத்திர நிபந்தனையை மிச்சிகன் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போனது. மக்கீ குடும்பத்துக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். 1948இல், மிசூரியிலிருந்து வந்த ஷெல்லி வழக்கோடு சேர்த்து, இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் மூவர் அந்த வழக்கில் அமராமல் விலகிக்கொண்டார்கள், காரணம் சொல்லவில்லை. அத்தகைய நிபந்தனையுள்ள வீடுகளில் அவர்களே வாழ்ந்திருக்கக்கூடும் என்ற ஊகம் அப்போதிருந்தே உண்டு. தீர்ப்புக்குப் பிறகும் வீட்டுவசதி நிர்வாகம் அத்தகைய புதிய நிபந்தனைகளுள்ள வீடுகளுக்குக் காப்பீடு தருவதை 1950 பிப்ரவரி வரை நிறுத்தவில்லை.

கறுப்பினத்தவருக்கு விடப்பட்டிருந்த இடம் நகரின் கிழக்குப் பகுதியான பிளாக் பாட்டம். பெயர் நிறத்தைக் குறித்ததன்று. அங்கிருந்த கரிய வளமான மண்ணைக் கண்டு வந்த பெயர். தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளையும் ஒடுக்குமுறையையும் விட்டு வாகன ஆலை வேலை தேடி வந்தவர்களால் அது நிரம்பி வழிந்தது. ஹேஸ்டிங்ஸ் தெருவில் கடைகளும் மருத்துவர்களும் இசைக் கூடங்களும் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரே அறையில் ஒரு குடும்பம் என்ற நெருக்கடியும் இருந்தது. இந்த நெருக்கடிதான் 1940களின் இறுதியில் அரசுக்கு வாதமாகிவிட்டது: சேரி ஒழிப்பு என்ற பெயரில் அந்தப் பகுதியை இடித்தார்கள், ஹேஸ்டிங்ஸ் தெரு இருந்த தடத்திலேயே நெடுஞ்சாலை போட்டார்கள். வாடகைக்கு இருந்தவர்களுக்கு இழப்பீடு என்று சொல்லத்தக்க எதுவும் கிடைக்கவில்லை. அதே நெடுஞ்சாலைகள் புறநகரில் காப்பீட்டுக் கடனில் வீடு வாங்கிய வெள்ளைக் குடும்பங்களை நகரத்து வேலைக்கு ஏற்றிவந்து மாலையில் திருப்பிக் கொண்டுபோய் விட்டன. அந்தச் சாலையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுச் சாதாரணத் தெருவாக மாற்றும் திட்டத்துக்கு 2022இல் மத்திய அரசு 10 கோடி டாலருக்கும் மேல் மானியம் அறிவித்தது. சாலையைப் பெயர்த்துவிடலாம், அதன் கீழ் போன கடைகளின் வாடிக்கையையும் வீட்டு மனைகளின் மதிப்பையும் யார் பெயரில் வரவு வைப்பது என்பதற்கு அந்த நகரில் யாரிடமும் தெளிவான விடை இல்லை.

புறநகருக்குள் நுழைய முயன்றவர்களை வடிகட்டத் தனியாரும் தங்கள் பங்கைச் செய்தார்கள். டெட்ராய்ட்டை ஒட்டிய செல்வந்தர் பகுதியான குரோஸ் பாயிண்டில், வீடு வாங்க வருபவரைப் பற்றித் தரகர்கள் இரகசியமாக விசாரித்து, தோல் எவ்வளவு கருமை, பேச்சில் வேற்றுநாட்டு வாடை உண்டா, வீட்டை எப்படி வைத்துக்கொள்கிறார் என்றெல்லாம் மதிப்பெண் போட்டது 1960இல் அம்பலமானது. போலந்து வம்சாவளியினருக்கு ஒரு தேர்ச்சி மதிப்பெண், யூதர்களுக்கு அதைவிட உயர்ந்த ஒன்று. கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் மதிப்பெண்ணே கிடையாது. அவர்கள் தேர்வுக்கே தகுதியற்றவர்கள்.

இனி 1974ஆம் ஆண்டு வழக்குக்கு வரலாம். அதற்குள் டெட்ராய்ட் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகள் பெரும்பான்மையாகவும், எய்ட் மைல் சாலைக்கு அப்பாலுள்ள பள்ளிகளில் வெள்ளைக் குழந்தைகள் ஏறத்தாழ முழுமையாகவும் இருந்தார்கள். 1970இல் தொடுக்கப்பட்ட வழக்கை விசாரித்த மாவட்ட நீதிபதி ஸ்டீபன் ராத், தொடக்கத்தில் வழக்குத் தொடுத்தவர்களின் வாதத்தில் நாட்டமில்லாதவராகவே கருதப்பட்டார். ஆனால் நாள் கணக்கில் அவர் முன் வைக்கப்பட்ட சாட்சியத்தின் பெரும்பகுதி பள்ளியைப் பற்றியதன்று, வீட்டைப் பற்றியது. கடன் காப்பீடு, பத்திர நிபந்தனை, தரகர் நடைமுறை ஆகியவற்றையெல்லாம் கேட்ட பிறகு, எல்லா மட்டங்களிலும் இருந்த அரசுகள் தனியார் அமைப்புகளோடு சேர்ந்து இந்தப் பிரிவினையை நிறுவி நிலைநிறுத்தின என்று 1971இல் எழுதினார். மறு ஆண்டு, நகரத்தோடு 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்து ஒரே திட்டத்தின்கீழ்க் கொண்டுவர உத்தரவிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவை ஏற்றது. ஆனால் வீட்டுச் சாட்சியத்தைத் தான் சார்ந்திருக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்தது. அந்த ஒரு வரியோடு, பர்வுட் சுவர் முதல் சீபால்ட் தெரு வரையிலான வரலாறு முழுவதும் வழக்கிலிருந்து வெளியே போய்விட்டது. உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், புறநகர்கள் குற்றம் செய்ததாக நிறுவப்படவில்லை, ஆகவே பள்ளி மாவட்ட எல்லையைத் தாண்டிப் பரிகாரம் தர முடியாது என்று தீர்த்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவர், 26 ஆண்டுகளுக்கு முன் மக்கீ குடும்பத்துக்காக அதே நீதிமன்றத்தில் நின்று வாதாடி, பின்னர் அதிலேயே நீதிபதியான தர்குட் மார்ஷல். அந்தக் காரணிகளை அறிய முடியாது என்று அவரிடம் சொல்லியிருக்க முடியாது.

பிரிவினை அரசின் செயலால் விளைந்தது என்றால் நீதிமன்றம் பரிகாரம் காணலாம், தனிமனிதர் விருப்பத்தால் தானாக அமைந்தது என்றால் கைவைக்க முடியாது என்பதே இன்று வரை அமெரிக்கச் சட்டத்தின் அடிப்படைப் பிரிப்பு. 2007இல் சியாட்டில், லூயிவில் நகரப் பள்ளிகள் தாமாகவே வகுத்த இனக் கலப்புத் திட்டங்களை உச்ச நீதிமன்றம் 5-4 என்று நிராகரித்ததும், 2023இல் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு முற்றுப்புள்ளி வைத்ததும் இந்தத் தளத்தின் மேல்தான். 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பில் மாறுபட்ட நீதிபதி கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன், கல்லூரியைப் பற்றிய வழக்கில் பக்கம் பக்கமாக வீட்டுக் கடனின் வரலாற்றை எழுதியது பலருக்குத் திசைதிருப்பலாகத் தோன்றியது. மேற்சொன்ன கண்ணிகளைத் தெரிந்தவருக்கு அப்படித் தோன்றியிருக்காது. பாடநூலில் எந்த அத்தியாயம் இருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றங்கள் 2021 முதல் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதன் பின்னணியும் இதுதான் என்பது என் கணிப்பு. எது வரலாறாகப் பதிவாகிறதோ அதற்கே பரிகாரம் கேட்க முடியும்.

பணத்தின் வழியே வரும் கண்ணி இன்னும் நேரடியானது. பள்ளிச் செலவில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. இந்த ஏற்றத்தாழ்வு அரசியலமைப்புக்கு முரணன்று என்று 1973இல் டெக்சஸ் வழக்கொன்றில், அதுவும் 5-4 என்றே, தீர்ப்பானது. வீடு அமெரிக்கக் குடும்பத்தின் முதன்மைச் சொத்து. அதை அடமானம் வைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள், பேரப்பிள்ளைகளுக்கு விட்டுப் போகிறார்கள். 1968இல் வீட்டுவசதிச் சமத்துவச் சட்டம் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஏழாம் நாள் கையெழுத்தானபோது, விலை மலிவாக இருந்த காலம் போய்விட்டிருந்தது. ஃபெடரல் ரிசர்வின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வெள்ளைக் குடும்பத்தின் இடைநிலைச் செல்வம் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். வெயிலில்கூட வித்தியாசம் தெரிகிறது: 108 நகரங்களை ஆராய்ந்த 2020ஆம் ஆண்டு ஆய்வொன்றில், அன்று சிவப்புப் பூசப்பட்ட பகுதிகள், மரங்கள் குறைவாகவும் கான்கிரீட் அதிகமாகவும் இருப்பதால், மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பமாக இருந்தன.

எல்லாவற்றையும் இந்த ஒரு கணக்கில் எழுதிவிடவும் கூடாது. 1950இல் 18.5 இலட்சமாக இருந்த டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 2020இல் 6.4 இலட்சத்துக்குச் சரிந்ததற்கு, ஆலைகள் நகரை விட்டுப் போனது, இயந்திரங்கள் ஆட்களின் இடத்தைப் பிடித்தது, வெளிநாட்டுக் கார்களின் போட்டி, 1967 கலவரத்துக்குப் பிந்தைய அச்சம், நகர நிர்வாகத்தின் கடன் சுமை என்று பல காரணங்கள் உண்டு. 2013இல் நகரமே திவால் மனு கொடுத்தது. சுவரை இந்தக் கணக்கிலிருந்து நீக்கினாலும் டெட்ராய்ட் மெலிந்துதான் இருக்கும். ஆனால் அந்த மெலிவு யார் தலையில் எவ்வளவு விழுந்தது என்பதில் சுவருக்குப் பங்குண்டு. வேலை போனபோது புறநகரில் விற்பதற்கு ஒரு வீடு வைத்திருந்தவரும், நகருக்குள் விலைபோகாத வீட்டில் மாட்டிக்கொண்டவரும் ஒரே ஆலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்திருக்கலாம்.

நம்மவர்களுக்கும் இதில் ஓரிடம் உண்டு. எய்ட் மைல் சாலைக்கு வடக்கிலும் மேற்கிலும் உள்ள ட்ராய், நோவை போன்ற புறநகர்களில் வாகனத் துறைப் பொறியாளர்களாகத் தமிழ்க் குடும்பங்கள் நிறையவே வாழ்கின்றன. வீடு வாங்கும்போது முதலில் பார்ப்பது பள்ளி மாவட்டத்தின் தரம். 1965இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு வந்தவர்கள் என்பதால், 1968ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்ட கதவின் வழியே நுழைந்தோம்; மதிப்பெண்ணுக்கே தகுதியற்றவர்கள் என்று தரகர்கள் ஆசியர்களை ஒதுக்கிய காலம் நமக்கு வாய்க்கவில்லை. ‘நல்ல பள்ளி உள்ள பகுதி’ என்று நாம் இயல்பாகச் சொல்லும் சொல்லின் விலை, 1974இல் நீதிமன்றம் காப்பாற்றிக் கொடுத்த எல்லைக் கோட்டில் இருக்கிறது.

இந்தக் கண்ணிகளைத் தேடும் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு மினசோட்டாவில் நடந்தது. மினியாபொலிஸ் நகரின் பழைய விற்பனைப் பத்திரங்களில் இன நிபந்தனைகள் எங்கெங்கே இருந்தன என்று கண்டுபிடிக்க மினசோட்டா பல்கலைக்கழகக் குழு ஒன்று 2016இல் இறங்கியது. கணினி சந்தேகத்துக்குரிய பக்கங்களைப் பொறுக்கித் தந்தது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் அவற்றை வரி வரியாகப் படித்து உறுதி செய்தார்கள். அந்நகரில் மட்டும் சுமார் 8,000 வீடுகள் வரைபடத்தில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. 2018இல் நகர மன்றம் ஒரு மனைக்கு ஒரே குடும்ப வீடுதான் என்ற கட்டட விதியைக் கைவிடும் திட்டத்தை ஏற்றபோது, விவாதங்களில் இந்த வரலாறு வெளிப்படையாகவே பேசப்பட்டது.

சட்ட வலிமை இழந்துவிட்டாலும் அந்த வாசகங்கள் இன்னும் பத்திரங்களில் இருக்கின்றன. வீடு வாங்கிய பிறகு கட்டுக் காகிதத்தைப் புரட்டும் உரிமையாளர், தன்னைப் போன்றவர் இங்கே ‘வீட்டு வேலைக்காரராக அன்றி’ வாழக் கூடாது என்ற வரியைப் படிக்க நேர்கிறது. அதை நீக்க வழிசெய்யும் சட்டங்களைப் பல மாநிலங்கள் இயற்றியுள்ளன. முழுவதும் அழித்துவிட வேண்டும் என்று சிலர் கேட்டபோது, அழித்தால் இப்படி ஒன்று இருந்ததற்கே சான்றில்லாமல் போகும் என்று வரலாற்றாளர்கள் தடுத்தார்கள். ஆகவே மினசோட்டாவில் 2019இல் வந்த சட்டப்படி, மூலப் பத்திரம் பதிவகத்தில் அப்படியே இருக்கிறது. அந்த நிபந்தனை விலக்கப்பட்டதாக இன்றைய உரிமையாளர் கையெழுத்திட்ட படிவம் ஒன்று அதோடு சேர்த்துப் பதியப்படுகிறது.